முலாம்பழக் கடையில் நீட்டிய கை

பிள்ளைகளே, போன கோடை விடுமுறையில் நானும் என் மகள் நிலாவும் டெக்சாஸிலிருந்து பிரான்ஸுக்குப் போனோம். அங்கே ஒரு பழைய சந்தை ஊர். மரத் தூண்கள் தாங்கும் பெரிய கூரைக்குக் கீழே, பல நூறு வருஷமாக வாரச்சந்தை கூடுகிறதாம்.

ஒரு அம்மாள் முலாம்பழம் விற்றார். நம் வழக்கப்படி ஒன்றை எடுத்துத் தட்டினேன், மோந்து பார்த்தேன், காம்புப் பக்கம் அழுத்தினேன். அடுத்ததற்குக் கை நீட்டியபோது அவர் என் கையை விலக்கிவிட்டு ஏதோ கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. நம் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"வா நிலா, போகலாம். நாம தொட்டா ஆகாதாம் இவங்களுக்கு."

பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் நிலா நகரவில்லை. "அப்பா, வெயிட்! யாருமே டச் பண்ணல, பாருங்க. நீங்க மட்டும்தான் டிரம்ஸ் வாசிக்கறீங்க. எப்ப சாப்பிடுவீங்கன்னுதான் அவங்க கேக்கறாங்க."

திரும்பிப் பார்த்தேன். வரிசையில் நின்ற உள்ளூர்க்காரர்கள் ஒருவரும் பழத்தைத் தொடவில்லை. அந்த அம்மாள்தான் ஒவ்வொருவருக்கும் பொறுக்கிக் கொடுத்தார்.

"நாளைக்கு மத்தியானம்னு சொல்லும்மா" என்றேன், குரல் இறங்கி.

அவர் நாலைந்தை மோந்து பார்த்து, கொஞ்சம் கெட்டியான ஒன்றைத் தந்தார். மறுநாள் மத்தியானம் வெட்டினோம். சரியான பதத்தில் இருந்தது.

அந்த அம்மாள் என்னைப் பழம் வாங்க வந்தவனாகத்தான் பார்த்தார். நிறத்தைப் பார்த்தது நான்தான். நிலா மட்டும் அன்றைக்கு என்னோடு கிளம்பியிருந்தால், அவளுக்கும் அப்படியே பார்க்கக் கற்றுக்கொடுத்திருப்பேன்.