உலையில் தங்கிவிட்ட கம்பிகள்

1. திங்கள் காலை, சோதனைக் கம்பிகளை முந்நூறு டிகிரி உலையில் வைத்தேன். வெள்ளி காலை வெளியே எடுக்க வேண்டும்.
2. புதன் மாலை, டத்தோ கிராமாட் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் அம்மா மயங்கி விழுந்தார். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.
3. வியாழன், ஆய்வுக்கூடத்து உதவியாளர் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: நாளைக்குக் கம்பிகளை எடுத்துவிடுங்கள்.
4. வெள்ளி, அம்மாவுக்குத் தகனம்.
5. கம்பிகளை யாரும் எடுக்கவில்லை.

அந்தக் கம்பிகள்தான் என் முதுகலை ஆய்வு. இஞ்சின் பிஸ்டன்களை அலுமினியமும் சிலிக்கானும் கலந்த உலோகத்தில் வார்க்கிறார்கள். எடை குறைவு, வார்ப்பதும் எளிது. ஆனால் சூடு ஏறினால் தளர்ந்துவிடும். செம்பும் மக்னீசியமும் சேர்த்தால் உள்ளே நுண்ணிய துகள்கள் உண்டாகி வலுக் கொடுக்கும். சூடு நீடித்தால் அந்தத் துகள்கள் பருத்துவிடும், வலுவும் போய்விடும். கூடவே கொஞ்சம் சிர்கோனியமும் வனேடியமும் சேர்த்தால் உண்டாகும் துகள்கள் அவ்வளவு எளிதில் பருக்காது என்பது என் கணக்கு. அதைக் காட்ட, சேர்த்தது, சேர்க்காதது என இரண்டு வகைக் கம்பிகளையும் நான்கு நாள் சூட்டில் வைத்து, பிறகு இழுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். கையில் மிச்சமிருந்தவை அவ்வளவுதான். உதவித்தொகை மாதக் கடைசியோடு முடிகிறது. இந்த அளவுகள் இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது.

எங்கள் வீடு தீவில். நான் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், ஆய்வுக்கூடத்துக்கு அருகில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்வார். கடைசியாகப் பேசியது செவ்வாய்க்கிழமை.

“இன்னிக்கு என்ன வேக வச்ச?”

“அதே அலுமினியம்தாம்மா. வெள்ளிக்கிழமைதான் எறக்கணும்.”

“ஆட்டுக்கால் கூட இவ்ளோ நேரம் வேகாதுலா. சட்டி பானை செய்யறதுக்கு எதுக்குடி மாஸ்டர் டிகிரி?”

தகனத்தன்று ஆய்வுக்கூடத்து அக்கா விடிந்ததுமே எங்கள் வீட்டுக்கு வந்து, சாயங்காலம் வரை சமையலறையில் பாத்திரம் கழுவினார். கம்பிகளைப் பற்றி அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. மின்சுடலையிலிருந்து திரும்பிய அண்ணன் குளித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அங்க எவ்ளோ சூடு இருக்கும்?”

“என் உலைய விட மூணு மடங்கு இருக்கும்ணே.”

“உன்கிட்ட எதக் கேட்டாலும் பதில் வந்துருதுலா,” என்றான்.

நான் அழுதிருக்க வேண்டிய இடம் அதுவாக இருக்கலாம். வந்தவர்களுக்குக் கோப்பை போதுமா என்று பார்க்க எழுந்து போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். உலையின் திரையில் இன்னும் 300 என்றே இருந்தது. அக்கா பின்னால் வந்து நின்றார்.

“ஐயோ பாப்பா. வெள்ளிக்கிழம நேரா உங்க வீட்டுக்கு வந்துட்டேன். அப்புறம் சனி, ஞாயிறு. நேத்து லீவு. சுத்தமா மறந்துட்டேன்.”

“பரவால்லக்கா.”

“பரவால்லன்னு சொல்லாத. நல்லாத் திட்டு. எனக்கு அதுதான் ஈஸி.”

“கையுறை குடுங்கக்கா.”

இரண்டு மடங்கு நேரம் சூட்டில் இருந்த கம்பிகள். நான் திட்டமிட்ட சோதனைக்கு இனி உதவாது. இருந்தாலும் இழுத்துப் பார்த்தோம். செம்பும் மக்னீசியமும் மட்டும் சேர்த்தவை மிட்டாய்போல் நீண்டு, குறைந்த இழுப்பிலேயே அறுந்தன. சிர்கோனியமும் வனேடியமும் சேர்த்தவை தாங்கின. அக்கா கை தட்டினார். நான் எண்களைக் கணினியில் ஏற்றினேன்.

பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்தார். முடிவு நன்றாக இருக்கிறது, இதைத் தனிப் பகுதியாக எழுது, ஆனால் நான்கு நாள் அளவு இல்லாமல் தேர்வாளர்கள் விடமாட்டார்கள் என்றார். அவர் சொன்னது சரி.

எனவே அக்காவும் நானும் மறுபடி வார்த்தோம். சிர்கோனியம் கரைய, உருகிய உலோகத்தை வழக்கத்தைவிட அதிகச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அது உருக்கும் பாத்திரமான மூசையின் அடியில் வண்டலாகத் தங்கிவிடும். அவசரப்படவில்லை.

நேற்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். இன்றைக்கு என்ன வேக வைத்தாய் என்று கேட்டான். அலுமினியம் என்றேன். சரி, வைக்கிறேன் என்றான்.

புதிய கம்பிகள் உலையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை காலை எடுக்க வேண்டும். அக்காவும் போனில் அலாரம் வைத்திருக்கிறார். உதவித்தொகையை ஒரு மாதம் நீட்டிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.