போர் தண்ணிக்கு ஒரு பொத்தான்

பழைய வாஷிங் மெஷின் நின்றுபோன மறுநாள், மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடையில் நானும் வீட்டுக்காரரும் போய் நின்றோம். புது மெஷின்களில் திருகக் குமிழே இல்லை. கண்ணாடிமேல் விரலை வைத்தால் விளக்கெரிகிறது. ஜீன்ஸுக்கு ஒன்று, கம்பளிக்கு ஒன்று, குழந்தைத் துணிக்கு ஒன்று. ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் துவைக்க இருப்பது ரிட்டயரான மனிதரின் வேட்டியும் என் நைட்டிகளும்தான். ஏதாவது ஒன்றை எடுத்துத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அவரோ ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து, கன்னடத்தில் "போர் நீரிகெ ஆகத்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். போர்வெல்லின் உப்புத் தண்ணீருக்குத் தாங்குமா என்று.

"மைசூரு காவேரி நீரு சார், ஏனூ தொந்தரே இல்லா" என்றாள் கடைப்பெண். மறுபடியும் கேட்டார். எங்கள் தெருவுக்குக் காவிரி வரவில்லை போல என்று அவள் பரிதாபப்பட்டாள்.

இங்கே விஜயநகரில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரிதான். போர் தண்ணீர் எங்கள் ஊர் வெள்ளகோவிலில், நாங்கள் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீட்டில். மனிதர் அந்த வீட்டுக்குத்தான் மெஷின் பார்க்கிறார்.

கல்யாணத்துக்கு முன் அந்தத் தண்ணீரில் துவைத்தவள் நான். சோப்பு நுரைக்காது, காய்ந்த சட்டை அப்பளம்போல் விறைத்து நிற்கும். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், அதே பழக்கத்தில் சோப்பைத் தேய்தேய் என்று தேய்த்து, நுரை போகாமல் அலசி அலசி அழுதிருக்கிறேன். பாஷையும் தெரியாது, பேச ஆளும் கிடையாது. இப்போது மகள் இங்கே, சிநேகிதிகள் இங்கே. இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க என்னிடம் தெம்பில்லை.

"ஏனுங்க, ஊருக்கே போயர்றதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"நேராக் கேட்டா நீ வரமாட்டேம்பே புள்ள."

"வரமாட்டேனுங்க."

சொல்லிவிட்டேன். அவர் மெஷின் மூடியைத் திறந்து, உள்ளே குனிந்துகொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தமிழ் தெரியாத கடைப்பெண் சிரித்துக்கொண்டே, "ஹார்டு வாட்டர் வாஷ் பேக்கா, பேடவா?" என்றாள். உப்புத் தண்ணீருக்கான பொத்தான் வேண்டுமா, வேண்டாமா என்று.

"பேடா" என்றார் அவர்.

அதே நேரத்தில் நான் "பேக்கு" என்றேன்.

அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.