சந்தேகத்தின் பலன்

வக்கீல் ஸ்டெல்லா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் உடற்கல்வி இயக்குநர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்தது. நான் நம்பவில்லை. செய்திக்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. முதலில் சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார் என்று மூன்று பேருக்குப் போன் போட்டேன். மூன்றாவது ஆளுக்குக் கோபமே வந்துவிட்டது. "சார், இதுல கூடவா டவுட்டு? அவங்க அண்ணன்கிட்டயே பேசிட்டேன். காலையில எழுப்பினா எழுந்திருக்கலையாம்" என்றார். அதற்குப் பிறகுதான் நம்பினேன். ரெண்டு பேரிடமாவது விசாரிக்காமல் எதையும் நம்பக்கூடாது என்று எங்களுக்கெல்லாம் பழக்கிவிட்டவரே அவர்தான்.

நம் சங்கத்தின் இந்த இதழைப் படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவரைத் தெரியும். பாதிப் பேர் அவரிடம் மாட்டியும் இருப்பீர்கள். தாம்பரம் நீதிமன்றத்தில் பிராக்டீஸ் செய்துகொண்டே, தென்சென்னைக் கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகளில் வீரர்களின் தகுதியைச் சரிபார்க்கும் கமிட்டியில் சட்ட உறுப்பினராக இருந்தார். வயது மீறியவன், படிப்பை முடித்துவிட்டும் ஆட வருகிறவன், எங்கோ வேலை பார்த்துக்கொண்டு மாணவன் என்று சொல்லிக்கொள்கிறவன், எல்லோரும் அவர் மேஜையைத் தாண்டித்தான் மைதானத்துக்குள் போக வேண்டும். பலர் தாண்டவில்லை.

ஒருமுறை வாலிபால் அணி ஒன்றில் தாடியும் தொப்பையுமாக ஒரு 'மாணவர்' வந்து நின்றார். படிவம் கச்சிதமாக இருந்தது. பிறந்த தேதியைக் கேட்டதும் பட்டென்று சொன்னார். மேடம் தலையாட்டிவிட்டு, "தங்கச்சி இருக்கா தம்பி? அவ பொறந்தப்ப நீ எத்தனாவது படிச்சுகிட்டு இருந்தே?" என்று கேட்டார். அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்துச் சொன்ன விடைப்படி, தங்கை பிறந்தபோது அவர் கல்லூரியில் இருந்திருக்க வேண்டும். மேடம் சிரிக்காமல் படிவத்தை மடித்து, அன்று உதவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் தந்தார். "பொறந்த தேதியை எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க சார். குடும்பத்தை யாரும் மனப்பாடம் பண்ண மாட்டாங்க" என்றார்.

போட்டி நடத்தும் கல்லூரியில் கை நனைக்கவும் மாட்டார். நாங்கள் பிரியாணியை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் ஓரமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸில் கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தின்பார். ஒருநாள் நான் வற்புறுத்தியதற்கு, "செமி ஃபைனல் அன்னிக்கு வெறும் சாம்பார் சாதம். இன்னிக்கு இவங்க டீம் ஃபைனல் வந்ததும் பிரியாணி. ஏன் சார்?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. தோன்றிய பிறகும் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி எழுதப்போவதுதான் நான் இந்த அஞ்சலியை எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம். ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் கல்லூரியில் நந்தினி என்று ஒரு கபடி வீராங்கனை இருந்தாள். அனகாபுத்தூர்ப் பெண். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவள் ரெய்டு போனால் எதிரணி கோட்டை ஒட்டித்தான் நிற்கும். இறுதியாண்டில் மண்டலப் போட்டி ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற நிலையில் இருந்தாள்.

நம் வட்டாரத்தில் 'கெஸ்ட்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். ஓர் அணியில் ஆள் குறைந்தால் வெளியாளை ஒரு நாளைக்குக் கடன் வாங்குவது. விதிப்புத்தகத்தில் இல்லாத விருந்தாளி. ஒரு தனியார் கம்பெனியின் பெண்கள் கபடி அணி மேனேஜர், என்னோடு ஒரு காலத்தில் ஆடியவன், மதியம் நான் கிளம்பும் நேரத்தில் வந்து வாசலில் நின்றான். "மச்சான், நாளிக்கு ஃபைனலு. ஒரு ஆளு கொறயுது. நந்தினிய கெஸ்ட்டா அனுப்பு. காலேஜ் லெட்டர் ஒண்ணு இருந்தா பேஜார் இல்ல" என்றான். எனக்கு அவசரம். எப்போதும் லெட்டர் பேடில் பத்து வெற்றுத்தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு வைத்திருப்பேன். போனஃபைடு சான்றிதழ் கேட்டு வரும் பிள்ளைகளைக் காக்க வைக்கக் கூடாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. ஒன்றைக் கிழித்து, "நீயே டைப் பண்ணிக்க" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டேன்.

அந்தப் போட்டியில் கம்பெனி ஊழியர்கள் மட்டுமே ஆடலாமாம். எனவே அவன், நந்தினி தங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்வதில் கல்லூரிக்கு ஆட்சேபணை இல்லை என்று டைப் செய்துகொண்டான். மடித்து ஓர் உறையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்து, போட்டி நடத்துபவர்களின் மேஜையில் தரச் சொல்லியிருக்கிறான். அவளும் பிரித்துப் பார்க்காமல் கொடுத்திருக்கிறாள். ஒரு மாதம் கழித்து மண்டலப் போட்டியில் எதிர்க் கல்லூரி அந்தக் கடிதத்தின் மூலத்தையே கொண்டுவந்து ஆட்சேபம் எழுப்பியது. முழுநேர ஊழியர் மாணவர் போட்டியில் ஆட முடியாது.

விசாரணையில் கமிட்டித் தலைவர் என்னிடம் கடிதத்தைக் காட்டினார். "கையெழுத்து என்னுடையது மாதிரிதான் இருக்கு. ஆனா இந்த லெட்டரை நான் கொடுக்கலை" என்றேன். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டது நிர்வாகத்துக்குத் தெரிந்தால் என்னை அன்றே சஸ்பெண்ட் செய்திருப்பார்கள். மேனேஜர் இன்னும் மேலே போய், "அந்தப் பொண்ணுதான் லெட்டர் எட்த்துக்கினு வந்திச்சு சார்" என்று கை கழுவிவிட்டான். அப்படியானால் கையெழுத்தைப் போட்டது யார்? எல்லோரும் நந்தினியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

ஸ்டெல்லா மேடம் அன்று கமிட்டி நாற்காலியில் இல்லை. அதை விட்டு விலகி, நந்தினிக்காகப் பேச வந்திருந்தார். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "லெட்டரைக் கொடுக்கலையா சார், எழுதலையா?" என்பது. ரெண்டுமே இல்லை என்றேன். கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "உங்க கையெழுத்தோட வால் மேல பிரிண்ட் எழுத்து ஏறியிருக்கு பாருங்க. கையெழுத்து முதல்ல விழுந்திருக்கு, லெட்டர் அப்புறம் வந்திருக்கு. லெட்டர் பேடை ஒரு நிமிஷம் எடுத்துட்டு வர முடியுமா?" என்றார். என் மேஜை இழுப்பறையில் அப்போது கையெழுத்திட்ட ஆறு வெற்றுத்தாள்கள் இருந்தன. "தீர்ந்துடுச்சு மேடம். புதுசுக்குச் சொல்லியிருக்கேன்" என்றேன். அவர் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலமே அந்த ஆறு தாள்களையும் சுக்குநூறாகக் கிழித்தேன்.

தீர்ப்பு வந்தது. ஊழியராக ஆடியதற்கு நந்தினிக்கு ஓராண்டுத் தடை. கையெழுத்து மோசடி நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலனை அவருக்கு அளிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவளுடைய கடைசி ஆண்டு அதோடு முடிந்தது. ஒதுக்கீட்டு வேலையும் போனது. மோசடியிலிருந்தாவது தப்பித்தாளே என்று நான் வராந்தாவில் யாரிடமோ சொன்னேன். பின்னாலிருந்து மேடத்தின் குரல் கேட்டது. "சந்தேகத்தின் பலன்னா என்ன தெரியுமா சார்? சந்தேகம் அவகூடவே வீட்டுக்குப் போகும்னு அர்த்தம்." உயர்நீதிமன்றம் போகலாம் என்று நந்தினியின் அப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர், "வேணாம் மேடம். பொட்டப் புள்ள. கோர்ட்டு கேஸுன்னு இஸ்த்துக்கினு போனா பேஜாரா பூடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

குற்றம் உள்ள நெஞ்சு சும்மா இருக்காது. மேடம் எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். என்னை வெளியேற்றிவிட்டு யாரையோ உள்ளே கொண்டுவரத்தான் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். அவருடைய தங்கை மகன் எம்.பி.எட். முடித்துவிட்டு என் நாற்காலிக்குக் காத்திருக்கிறான் என்று சேலையூரில் டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன். இந்த இதழைப் படிக்கும் உங்களில் சிலரிடமும் சொல்லியிருக்கிறேன். யாரும் 'அப்படியா?' என்று கூடத் திருப்பிக் கேட்கவில்லை. பிரியாணி மாதிரியே வாங்கிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகும் போட்டிகளில் பார்த்தால் மேடம் வணக்கம் சொல்லுவார். பக்கத்தில் மட்டும் உட்கார மாட்டார். ஒருநாள் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் தனியாக மாட்டிக்கொண்டேன். "உங்களுக்கு எதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க சார். அவ இன்னும் வேலை தேடிகிட்டுதான் இருக்கா" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த செல்போனைத்தான் பார்த்தேன், ரெக்கார்டிங் ஓடுகிறதா என்று. வந்த பஸ் எனக்கானது இல்லை, ஆனாலும் ஏறிவிட்டேன்.

ஊரப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது சவப்பெட்டிக்கு அருகில் ஒரு வயதான மனிதர் உட்கார்ந்திருந்தார். அண்ணன். துக்கம் விசாரித்துவிட்டு, தங்கை வீட்டிலிருந்து வந்துவிட்டார்களா என்று கேட்டேன். அவர் புரியாமல் நிமிர்ந்தார். "தங்கச்சியா? நாங்க ரெண்டே பேர்தான் சார். நானும் ஸ்டெல்லாவும்" என்றார். யாரோ எப்போதோ சொன்னதை வைத்துத்தான் நான் சொன்னேன் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். யாரும் சொல்லவில்லை. தங்கையையும் அவள் பெற்ற பிள்ளையையும் நானேதான் உண்டாக்கியிருக்கிறேன்.

வாசலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண் என்னிடமும் ஒரு டம்ளரை நீட்டினாள். நந்தினி. பக்கத்தில் ஒரு பள்ளியில் தற்காலிக விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறாளாம். "பர்மனன்ட் போஸ்ட்டுக்கு எங்க அப்ளை பண்ணாலும் ஃபாரத்துல ஒரு கட்டம் கீது சார். ஒழுங்கு நடவடிக்கை எதுனா உண்டான்னு. உண்டுன்னுதான் எழுதணும். எழுதினா கூப்பிட மாட்றாங்க" என்றாள். தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி மேடம் ஒரு மனு தயாரித்துக்கொண்டிருந்தாராம். அதற்கு ஒரே ஒரு சாட்சி குறைந்ததாம். யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று கல்லறையில் மண் போடும்போது அழுதேன். துக்கத்தில் பாதிதான் மேடத்துக்கு. மீதி எனக்காக.

வீட்டுக்கு வந்து கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கையெழுத்து என்னுடையது, வெற்றுத்தாளில் போட்டுக் கொடுத்தேன், விசாரணையில் பொய் சொன்னேன், நந்தினிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அடுத்த சனிக்கிழமை ஊரப்பாக்கம் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் அவளிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தாள். பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்து இருக்கும்மா" என்றேன்.

"அது வூட்ல போட்டுக்கினு வந்தது சார். என் கண்ணு எதிர்ல இன்னொரு தபா போடுங்க. தேதியும் போடுங்க. டீக்கடை அண்ணா சாட்சிக் கையெழுத்து போடுவாரு."

"மேடம் சொல்லிக்கொடுத்தாங்களா இதெல்லாம்?"

"இல்ல சார். நீங்க சொல்லிக்குடுத்தது" என்றாள்.

போட்டேன். கடிதம் கமிட்டியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நந்தினியின் தீர்ப்பு திருத்தப்படும் என்கிறார்கள். என் மேல் விசாரணை வரும், வரட்டும். ஸ்டெல்லா மேடத்தை அறிந்த உங்களிடம் சொல்ல வேறொன்றும் இல்லை. இந்த ஆறு வருடங்களில் நல்ல மாஸ்டர், கறாரானவர், பிள்ளைகளுக்காகவே வாழ்கிறவர் என்று என்னைப் பற்றி என்னென்னவோ சொன்னீர்கள். எல்லாவற்றையும்விட உண்மையானது அவர் என்மேல் வைத்த சந்தேகம் ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.