கடலுக்கு ஒரு கை குறைந்தபோது

வெள்ளரிக்காயும் தக்காளியும் நறுக்கும் வாசனை... விடிந்ததுமே அந்தப் பெரிய சாப்பாட்டுக்கூடம் முழுக்க அதுதான். கூடவே தட்டு வண்டிகள் உருளும் சத்தம்.

யாங்கோனில், பபேடான் பகுதியில், எங்கள் வீட்டில் காலை என்றால் கீழ்க்கடை மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். அங்கேயோ ஊரே ஒரே கூடத்தில் உட்கார்ந்து பச்சைக் காய்கறி சாப்பிடும்.

அப்போது எனக்குப் பத்து வயது. இஸ்ரேலில் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் அப்பாவுக்கு ஒரு வருட வேலை கிடைத்து, அம்மாவும் நானும் கூடப் போயிருந்தோம். பாலைவனத்தில் ஒரு கிப்புட்ஸ். நிலம், சமையல், சலவை எல்லாவற்றையும் பொதுவில் வைத்திருக்கும் கிராமத்துக்கு அங்கே அப்படிப் பெயர். எங்கள் துணியும் எல்லோர் துணியோடும் சேர்ந்து சுற்றிவிட்டு, தைத்திருக்கும் எண்ணைப் பார்த்து வீடு திரும்பும். அப்பாவின் கைலியை மட்டும் முதல் வாரம் மேசை விரிப்புகளோடு மடித்து வைத்துவிட்டார்கள்.

பள்ளி விட்டதும் என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குழு. எங்களைப் பார்த்துக்கொண்டவர் பெயர் டாலியா. பிள்ளைகள் அவரை வெறும் டாலியா என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. யாங்கோனில் டீச்சரைக் கூப்பிடுவதுபோல "சயாமா" என்றேன். கொஞ்ச நாளில் மற்றவர்களும் கிண்டலுக்கு அப்படியே கூப்பிட, அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அந்தக் குழுவில் எல்லாவற்றுக்கும் ஓட்டு. என்ன விளையாட்டு, என்ன பாட்டு, எங்கே சுற்றுலா... நான் அதுவரை எதற்கும் ஓட்டுப் போட்டதில்லை, எதுவானாலும் எனக்குச் சரி.

அந்த வசந்தகாலச் சுற்றுலாவுக்கு மலையா, கடலா என்று கேள்வி. மலைக்கு ஆள் சேர்த்தவன் ஓமர். கடலுக்கு என் தோழி நோவா. நான் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. செங்கடல் பவளப்பாறைகளைப் பற்றிய படப்புத்தகத்தை நூலகத்தில் எடுத்து, திருப்பிக் கொடுத்து, மறுபடியும் எடுத்திருந்தேன். அடுத்த மாதம் நாங்கள் ஊர் திரும்ப வேண்டும். இதை விட்டால் எனக்குக் கடல் கிடையாது.

"கடல் யாருக்கு?" என்று டாலியா கேட்டார். எல்லோரும் புல்லில் உட்கார்ந்தபடியே கை தூக்கினார்கள். நானோ பதற்றத்தில், ஊர்ப் பழக்கத்தில் எழுந்து நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். எங்கள் பள்ளியில் அதுதான் மரியாதை.

டாலியா தூக்கிய கைகளை மட்டும் எண்ணினார்.

இரண்டு பக்கமும் கைகள் சமமாக இருக்க, காசு சுண்டியதில் கடல் தோற்றது.

நோவா என்னிடம் வந்தாள். "உனக்கும் கடல்தானே வேணும்? அப்புறம் என்ன கோவம், கையக் கட்டிக்கிட்டு நின்ன?" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அவளிடம் சொல்லாமல் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

அன்று மாலை சாப்பாட்டுக்கூடத்தில் அழுதுகொண்டே சொன்னேன். அப்பா சிரித்துவிட்டார். "நானும் வந்த புதுசுல மேஸ்திரி முன்னாடி அப்டித்தாம்மா நின்னேன். பாவம், குளுருதாக்கும்னு அவரு ஜாக்கெட்டக் கழட்டிக் குடுத்துட்டாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வாயத் தொறந்தா முத்தா கொட்டிரும்? நாளைக்கு நீயே போயி சயாமாட்ட சொல்லு" என்றார்.

சொன்னேன். மறுநாள் குழு முன்னால், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் அரைகுறை ஹீப்ருவிலும். சொல்லும்போதும் கை தானாகக் கட்டிக்கொண்டதில் எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி எண்ணலாமா என்று டாலியா கேட்டார். முடிந்தது முடிந்ததுதான் என்றார்கள் மலைக்காரர்கள். அதுவும் நியாயம்தான் என்று எனக்கே தோன்றியது.

ஓமர் புல்லைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "மறுபடி எண்ணினா நாந்தான் தோப்பேன். தெரியும். ஆனா அவ எழுந்து நின்னத நானும் பாத்தேன். எண்ணுங்க."

எண்ணினார்கள். நான் ஆர்வத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். டாலியா வந்து ஒன்றை இறக்கிவிட்டார்.

அந்தப் பயணம்... கூடத்தில் நாங்களே ரொட்டியில் ஜாம் தடவிக் கட்டிக்கொண்டோம். பஸ் முழுக்க சூரியகாந்தி விதைத் தோல். பாட்டு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லை மட்டும் எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடினேன்.

கடல் வந்தது. அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரியும் தண்ணீர். எல்லோரும் குதித்தார்கள். எனக்கு முழங்காலுக்கு மேல் போகப் பயம். துண்டை விரித்து உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்து, படிப்பதுபோல இருந்தேன்.

ஓமர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். "நீ கடலுக்குக் கை தூக்கினியா, துண்டுக்கா? இதுக்கா என் மலைய விட்டேன்?"

அவனுடைய நீச்சல் கண்ணாடியை மாட்டிவிட்டான். நோவா ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை உள்ளே விட்டேன்... மஞ்சள் மீன்கள், கூட்டமாக, என் மூக்குக்கு முன்னால். தண்ணீருக்குள்ளேயே சிரித்து, உப்புத் தண்ணீரைக் குடித்து, இருமி, உடனே மறுபடியும் முகத்தை விட்டேன். கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது யாங்கோனில் நான் பெரிய வகுப்பு. நோவா எப்போதாவது படம் அனுப்புவாள். ஓமர் மலையேறுகிறானாம்.

போன மாதம் வகுப்புத் தோழிகள் ஐந்து பேர் எங்காவது போகலாம் என்று பேசினோம். எங்கே என்றால் ஆளாளுக்கு "யபாடே" என்றார்கள், எதுவானாலும் சரியாம். கிப்புட்ஸில் என்றால் இதற்குள் இரண்டு கட்சி கிளம்பி, சண்டையே வந்திருக்கும். இங்கே யாரும் யாரையும் சங்கடப்படுத்த மாட்டோம். அதனாலேயே எப்போதும் அதே டீக்கடை.

கேத்தி மட்டும் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் தனியாகக் கேட்டேன். முதலில் யபாடே. மறுபடியும் கேட்டேன். "படகு" என்றாள். "ஆத்தோரமா, போட்டாதாங்குலதான் வீடு. ஏறினதே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அக்கரைக்குப் படகில் போனோம். பஸ் இல்லை, பாட்டு இல்லை, பவளம் இல்லை. பழுப்புத் தண்ணீரும் டீசல் புகையும்தான்.

கேத்தி முன்னால் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கரை சேரும்வரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.