அட்டவணையில் எங்கள் ஊருக்கு ஒரு கோடு

எனக்கு எதிலும் சந்தேகம்தான். மீன்காரி செவுளைத் திறந்து காட்டினாலும் விரலை விட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன். நீ போலீசுக்குப் போயிருக்க வேண்டியவள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி ஒரு கம்ப்யூட்டர் கடை நடத்துகிறேன். பாஸ்போர்ட், விசா, பி.சி.சி. என்று வெளிநாடு போகிறவர்களின் விண்ணப்பங்கள்தான் பிழைப்பு. பி.சி.சி. என்பது இந்த ஆள்மேல் போலீஸ் வழக்கு எதுவும் இல்லை என்று கொடுக்கிற சான்று. அது இல்லாவிட்டால் வளைகுடாக் கனவை மடித்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான். அதைக் கொடுப்பதற்கு முன்னால் உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். ஆகவே எங்கள் பக்கத்தில் வாலிபப் பிள்ளை இருக்கிற எந்த வீடும் ஸ்டேஷனைப் பகைத்துக்கொள்ளாது.

சட்டம் படிக்கிற ஒரு பெண் ஒருநாள் ஒரு அட்டவணையை அச்செடுக்க வந்தாள். போலீஸ் எந்த ஊரில் எத்தனை தடவை கைநீட்டியது, தடியடி நடத்தியது, எத்தனை பேருக்குக் காயம் என்று ஒரு தனியார் குழு தகவல் கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தது. மற்ற ஊர்களுக்கு நேராக எண்கள் இருந்தன. எங்கள் ஸ்டேஷனுக்கு நேராக ஒரு சின்னக் கோடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தை நாளில் இந்த ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த நெரிசலில் ஒரு கைகூடவா ஓங்கவில்லை? முதலில் அந்தக் குழுவைத்தான் சந்தேகப்பட்டேன். சென்னையில் உட்கார்ந்திருப்பவர்கள், இவ்வளவு தூரம் விசாரிக்கச் சோம்பல்பட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

ஒரு பெண் பதில் எழுதியிருந்தார். ஸ்டேஷனில் கேட்டதற்கு, அப்படிப் புகார் எதுவும் பதிவாகவில்லை என்று சொல்லியிருக்கிறார்களாம். பதிவாகவில்லை என்பதால் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாதே, அதனால்தான் பூஜ்யம் போடாமல் கோடு போட்டோம் என்றார். எனக்குத் தெரிந்து ஏதாவது நடந்திருந்தால் எழுதலாம், பெயரை வெளியே விட மாட்டோம், ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி ஒரு ஆதாரம் மட்டும் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அவ்வளவு மரியாதையாக எழுதியதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் கோடு போட்ட காரணம் பிடித்திருந்தது.

எங்கள் அடுத்த வீட்டுக்காரரின் மகன் கிரேன் ஓட்டுகிறவன். கத்தாரில் இருந்து வந்து, அங்கேயே வேறு கம்பெனிக்குப் போகக் காத்திருந்தான். அவனுடைய பி.சி.சி.க்கு நான்தான் விண்ணப்பம் போட்டிருந்தேன். ஒருநாள் அவன் முற்றத்தில் பைக் துடைத்துக்கொண்டிருந்தபோது மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். சுற்றி வந்து அவன் வலப்பக்கம் நின்று கூப்பிட்டதும் சட்டென்று நிமிர்ந்தான். காதுக்கு என்ன என்று கேட்டேன்.

"ஆத்துல சாடினேன் அக்கா. காதுல வெள்ளம் கேறிட்டு."

குழித்துறை ஆற்றில் அப்போது முழங்காலுக்குக்கூடத் தண்ணீர் கிடையாது. அதில் குதித்தால் உடைவது கால்தான், காதில்லை. அவனிடம் ஒன்றும் சொல்லாமல் அவன் அம்மாவைப் பிடித்தேன். அந்த அக்கா முதலில் ஆற்றையே சொன்னார், பிறகு அழுதுவிட்டார். வண்டிச் சோதனையில் நிறுத்தி, பைக் சாவியை உருவியிருக்கிறார்கள். எதற்கு சார் என்று கேட்டிருக்கிறான். ஏட்டு காதோடு சேர்த்து ஒரு அறை விட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, ஆற்றில் சாடியதாக இவனே சொல்லியிருக்கிறான். அந்த ஏட்டு இருக்கிற ஸ்டேஷனில் இருந்துதான் பி.சி.சி.க்கு விசாரிக்க வர வேண்டும்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இதை எழுதி அனுப்புகிறேன், பெயர் வராது என்றேன்.

"நீ ஒண்ணும் எழுதாண்டாம் பிள்ளே," என்றார் அக்கா. "பேரு வராதுன்னா? இந்த ஊருல ஒரு காது கேக்காத கிரேன்காரன் எத்தன பேரு இருக்கான்?"

நான் எழுதவில்லை. அந்தக் கேள்விக்குச் சென்னைக்காரர்களிடமும் பதில் இருந்திருக்காது.

வேறொரு போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார், பி.சி.சி. வந்தது. அவன்மேல் எதுவும் இல்லை என்று எழுதியிருந்ததை நானே அச்செடுத்துக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு கம்பெனி மருத்துவச் சோதனைக்குத் திருவனந்தபுரம் போனான். காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்களாம். இடது காதுக்கு உத்தேசமாக அமுக்கியிருக்கிறான். அங்கே இருந்தவர்களும் என்னைப் போலச் சந்தேகக்காரர்கள் போலிருக்கிறது, திரும்பத் திரும்பச் சோதித்துத் தள்ளிவிட்டார்கள். கீழே நிற்பவன் கத்துவது கேட்காதவன் கையில் யார் கிரேனைக் கொடுப்பார்கள்?

அன்று சாயங்காலம் நேராக என் கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இப்ப எழுதுங்கக்கா. இனி எனக்கு போறதுக்கு என்ன இருக்கு?"

குழுவின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். ஆதாரம் கேட்டிருந்த இடத்தில் தயங்கினேன். எங்களிடம் இருந்த ஒரே சீட்டு, ஆற்றில் சாடியதால் காதில் வலி என்று சொன்னது. அதுவும் அவன் வாயால் சொன்னது. சீட்டில் ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதலாம் என்று அடிக்கத் தொடங்கினேன். பாதியில் இருக்கும்போது அவனுக்கு ஏஜெண்டிடமிருந்து போன் வந்தது. வலது காதில் வைத்துக் கேட்டான். ஓமானில் ஒரு குடோனில் வேலை, சம்பளம் குறைவு, காதெல்லாம் பார்க்க மாட்டார்கள். ஆனால் நாடு வேறு என்பதால் புதிதாகப் பி.சி.சி. எடுக்க வேண்டும்.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, நான் அடித்திருந்ததை ஒரு தடவை வாசித்தான்.

"அழிச்சிருங்கக்கா," என்றான்.

அழித்தேன். அதே திரையில் பி.சி.சி. விண்ணப்பத்தைத் திறந்தேன். குழுவையும் ஸ்டேஷனையும் மாறி மாறிச் சந்தேகப்பட்ட நான், அந்தக் கோடு என் கடையில் இருந்துதான் போகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அவன் மட்டும் நிதானமாக இருந்தான். விசாரிக்க அந்த ஏட்டே வந்தாலும் வருவார், காது கேட்கவில்லை என்று தெரிந்தால் என்றைக்காவது வாயைத் திறந்துவிடுவான் என்று நினைத்துச் சான்றை முடக்கிவிடுவார் என்றான். எந்தப் பக்கமாக நிற்க வேண்டும் என்று முற்றத்தில் அம்மாவோடு நின்று பார்த்தும் வைத்திருந்தான்.

வந்தது அவரேதான். நான் துணி உலர்த்துகிற சாக்கில் மதிலோரம் நின்றேன். இவன் வாசல்படியில் வலது காதை அவருக்குக் காட்டி நின்றான். கேட்டதற்கெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தெளிவாகப் பதில் சொன்னான். அக்கா காப்பி கொடுத்தார். ஏட்டு குடித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தார். அது இவனுக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால். வண்டியில் ஏறி உட்கார்ந்து, இவன் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லபடியா போயிட்டு வாடே."

இவன் திரும்பவில்லை.

"சரி சார், போயிட்டு வருவான்," என்று அக்கா அவசரமாக முந்திக்கொண்டார். ஏட்டு உடனே கிளம்பவில்லை. இவனையே பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.

அவருக்குப் புரிந்துவிட்டது, இனி சான்று வராது என்று அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பி.சி.சி. அந்த வாரமே வந்துவிட்டது. இவனை ஊரைவிட்டு அனுப்ப எங்களைவிட ஏட்டுக்குத்தான் அவசரம் போலிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சீக்கிரமாக ஒருவருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.