பெரியப்பா காத்திருந்த சல்யூட்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். என் நினைவை நம்பி இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு என் பெயரையே சரியாகச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். நேரத்தைச் சொல்வது என் அக்காவின் செல்போன். அதில் ஒரு வீடியோ இருக்கிறது. பழைய குற்றாலம் அருவியில் குளித்துவிட்டு வந்த என் ஒன்பது வயது மகள் ஈரத்தலையோடு, வாயைக் கோணிக்கொண்டு நிற்கிறாள். சுற்றி நின்று நாங்கள் சிரிக்கிறோம்.

என் பெரியப்பா போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அதட்டினால் செங்கோட்டை போகும் பஸ் தென்காசியிலேயே நின்றுவிடும் என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். பசித்தாலும் ‘சரி’, கோபம் வந்தாலும் ‘சரி’. அப்போது வீட்டில் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவரை நடித்துக்காட்டுவதில் என் மகள் கெட்டிக்காரி. வேறு வீடாக இருந்தால் முதுகில் நாலு போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் பெரியப்பாவே இடது கையால் அவளைக் கூப்பிட்டு, “சரி” என்பார். ஆரம்பி என்று அர்த்தம். வாய் கோணும், வலது கை தொங்கும், கால் இழுக்கும். கடைசியில் சட்டென்று நிமிர்ந்து, அதே வலது கையால் விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பாள். அவர் இடது கையால் திருப்பி அடிப்பார். அதோடு நாடகம் முடியும். அக்கா மட்டும், “நடிக்காதட்டி, மூஞ்சி அப்படியே நின்னுரும்” என்று திட்டிக்கொண்டே வீடியோ எடுப்பாள்.

அன்று சாரல் நன்றாக இருந்தது. கார் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெரியப்பாவை உட்காரவைத்திருந்தோம். மகள் குளித்துவிட்டு வந்தாள், கையில் மிளகாய் பஜ்ஜி. பெரியப்பா கூப்பிட்டார். வாய் கோணியது. பஜ்ஜி கைநழுவிக் கீழே விழுந்தது. புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறாளே என்று அதற்குத்தான் நாங்கள் அதிகம் சிரித்தோம்.

பெரியப்பா சல்யூட்டுக்காகக் காத்திருந்தார். இடது கையைப் பாதி தூக்கிவைத்திருப்பது வீடியோவில் தெரிகிறது. சல்யூட் வரவில்லை.

“ஏட்டி, போதும். வேற பஜ்ஜி வாங்கித் தாரேன்” என்றாள் என் மனைவி. மகள் ஏதோ சொன்னாள். அது சொல்லாக இல்லை.

யாராவது பிடித்துத் தூக்காமல் எழாத பெரியப்பா தானாக எழுந்தார். அவளுடைய வலது கையைப் பிடித்து மேலே உயர்த்தி, விட்டார். ஈரத்துண்டு போல அது விழுந்தது. “சரி! சரி!” என்று கத்தினார். தலை மட்டும் ‘இல்லை, இல்லை’ என்று ஆடியது.

குற்றாலத்தில் எதற்கும் எண்ணெய்தான் முதல் மருந்து. “அருவித் தண்ணி பிடரில அடிச்சிருக்கும் அண்ணாச்சி, நல்லா உருவிவிட்டா ரத்தம் ஓடும்” என்றார் பக்கத்தில் நின்றவர் ஒருவர். அக்கா பையிலிருந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். பெரியப்பாவின் கைத்தடி பாட்டில் மேல் ஓங்கி விழுந்தது. பாட்டில் உருண்டது, எண்ணெய் தரையில் ஓடியது. தடியால் அவர் காட்டியது கார்க் கதவை.

பள்ளிக்கூடத்தில் ரத்த ஓட்டப் பாடம் நடத்துகிறவன் நான். குழந்தைக்கும் பக்கவாதம் வரும் என்பது எனக்குத் தெரியாது. தென்காசியில் ஸ்கேன் எடுத்து, மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்று சொல்லி, உடனே ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆலங்குளம் தாண்டும்வரை நான் அவளிடம் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அங்கே ஒரு பெண் டாக்டர். “எப்ப ஆரம்பிச்சுது?” என்று கேட்டார். அக்கா செல்போனை நீட்டினாள். எங்கள் சிரிப்பு அந்த அறை முழுக்கக் கேட்டது. டாக்டர் சிரிப்பைக் கேட்கவில்லை. பஜ்ஜி விழும் இடத்தைத் திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்தார்.

“நேரம் இருக்கு சார். தொடை வழியா மெல்லிசா ஒரு குழாய் விட்டு, கம்பி வலையால கட்டியைப் பிடிச்சு வெளியே இழுக்கணும். ஒரு நாள் தாண்டிட்டா இதைப் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. பெரியவங்களுக்கு நிறைய பண்ணிருக்கேன். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குப் பண்ணினதில்ல. ஆபத்து இருக்கு. பண்ணாம விட்டா பேச்சும் கையும் திரும்பி வாரது கஷ்டம்.”

மறைக்காமல் சொன்னதனாலேயே அவரை நம்பினோம். கையெழுத்துப் போடாமல் சம்மதத் தாளை முதலிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். மனைவி பேனாவைப் பிடுங்கித் தானே போட்டாள்.

சிகிச்சை அறைக் கதவு திறந்தபோது டாக்டர் ஒரு பஞ்சுத்துணியைக் காட்டினார். அதில் மங்குஸ்தான் பழத்தோலின் கருஞ்சிவப்பில் ஒரு துணுக்கு. புளியங்கொட்டையில் பாதிகூட இல்லை. எங்கள் பிள்ளையின் பேச்சை இதுவா பிடித்துவைத்திருந்தது? இதயத்திலிருந்து கிளம்பி வந்திருக்கலாம் என்றார்கள். அதற்கான சோதனைகள் இன்னும் நடக்கின்றன. இப்போதும் அவள் தூங்கும்போது விரலைத் தொட்டு அசைகிறதா என்று பார்க்கிறேன். அசைகிறது. “தொந்தரவு பண்ணாதிய அப்பா” என்று வேறு திட்டுகிறாள். அந்தத் திட்டைக் கேட்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

வார்டுக்கு மாற்றிய மறுநாள் பெரியப்பாவை அழைத்து வந்தார்கள். வெளுத்த வேட்டி, மழித்த முகம், ஏதோ அணிவகுப்புக்கு வந்தவர் போல. கட்டில் அருகே வந்து நின்றார். காத்திருந்தார்.

மகளின் வலது கை மெதுவாகக் கிளம்பியது. வழியில் ஒருமுறை தடுமாறியது. நெற்றிக்குப் போய்ச் சேர்ந்தது. விரல்கள் நடுங்கின, இறங்கவில்லை.

பெரியப்பா இடது கையால் திருப்பி அடித்தார். கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ள அவருக்கு இருப்பது அந்த ஒரு கைதான். அவர் அதை நெற்றியிலிருந்து எடுக்கவில்லை.

“ஏன் தாத்தா அழுதிய?” என்றாள். வார்த்தை கொஞ்சம் குழறியது, ஆனால் வார்த்தை. “அந்த டாக்டர் நல்லவங்க. வலிக்கவே இல்ல. நான் சொல்லுதேன், உங்களுக்கும் எடுத்துருவாங்க. அப்புறம் நீங்களும் பேசலாம்.”

பெரியப்பா அவள் தலையில் கைவைத்தார்.

“சரி” என்றார்.