பார்க்காமல் சொன்ன வாழைத்தோப்பு

குழந்தைகளே, என் மகள் கோடை விடுமுறையில் கூட்டுறவு வங்கியொன்றில் பயிர்க்கடன் வேலை பழகுகிறாள். கடன் கேட்டவர்களின் வயலை நேரில் பார்த்து எழுத வேண்டும். கொட்டாரம் ஊரில் தங்கராஜ் என்ற விவசாயியின் வயலுக்குக் கிளம்பியவளை நான்தான் தடுத்தேன்.

"அது வாழைத்தோப்புல்லா மக்கா. வெயில்ல போவாண்டாம், வாழைன்னு எழுது."

அவர் வாழையை அழித்து, நெல் விதைக்க உழுதுபோட்டிருந்தது எனக்குத் தெரியாது. நெல்லுக்குக் கடன் கேட்ட மனுவில் மகள் வாழை என்று எழுதியதால் அது திரும்பி வந்தது. அவர் திரும்பத் திரும்ப வங்கிக்கு அலைந்து கடன் வாங்குவதற்குள் சுற்றிலும் எல்லோரும் விதைத்துவிட்டார்கள்.

"வீட்டுல இருந்துக்கிட்டே என் வயல்ல வாழைய நட்டுட்டியே பிள்ளே," என்று எங்கள் வாசலில் நின்று கேட்டார். மகள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே ஒப்புக்கொண்டேன்.

என்மேல் எனக்கே எரிச்சல். இப்போது அவள் எந்த வயலைப் பற்றிக் கேட்டாலும், "தெரியாது, ஏறு" என்று பைக்கை எடுக்கிறேன்.